ஜென்கின்ஸ் வந்தால் தினமும் ஆடட்டும், இல்லையென்றால் செயின்ட் பாலிலேயே இருக்கட்டும்

பனிநாட்டான் எழுதியது:

நம் மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணி 2025-ஐ 70 வெற்றி, 92 தோல்வி என்று முடித்தது. ஜூலைக் கடைசியில் ஏறக்குறைய பத்துப் பேரை வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எதிர்பார்க்க இருப்பது இளைஞர்கள் மட்டும்தான். அவர்களில் முதல் பெயர் வாக்கர் ஜென்கின்ஸ். அணிகள் புது ஆட்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் 2023-இல் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர், இருபது வயதிலேயே பெரிய லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ வரை, அதாவது நம் செயின்ட் பால் அணி வரை வந்துவிட்டார். மேலே வருவாரா என்ற கேள்வி எனக்கு இல்லை. வந்த பிறகு என்ன செய்யப் போகிறார்கள் என்பதே என் கவலை.

பயத்துக்குக் காரணம், வெளிக்களத்தின் நடுவான சென்டர் ஃபீல்டில் நிற்கும் பைரன் பக்ஸ்டன். 2012 தேர்வில் கார்லோஸ் கொரேயாவுக்கு அடுத்து இரண்டாவதாக எடுக்கப்பட்ட பையன். 2015 ஜூனில் இரண்டு படி கீழான டபிள்-ஏயிலிருந்து நேராக மேலே கொண்டுவந்தார்கள். பத்து நாள் ஆடினார், கட்டைவிரலில் காயம். அந்த ஆண்டு 46 ஆட்டங்கள், சராசரி 0.209, அதாவது பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறைதான் அடித்துத் தளம் சேர்ந்தார். மறு ஆண்டு நடந்ததுதான் கொடுமை. ஏப்ரலில் தொடக்க ஆட்டக்காரர். மாதம் முடியும் முன்பே கீழே. மே முடியும்போது மேலே. ஆகஸ்டில் மறுபடி கீழே. செப்டம்பர் முதல் தேதி மறுபடி மேலே. நாற்றை நட்டுவிட்டு வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தது போல.

அந்த ஆண்டு ட்வின்ஸ் மைதானமான டார்கெட் ஃபீல்டில் முதல் தளத்துப் பக்கம் பலமுறை அமர்ந்து பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கமாக வழுக்கி விழும் ஸ்லைடர் வரும். அவர் இடுப்பு முன்கூட்டியே திறந்துவிடும், மட்டை பந்துக்கு ஒரு சாண் மேலே போகும். திரும்பி நடக்கும்போது மட்டையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அடுத்த இன்னிங்சில் அதே ஆள் சென்டர் ஃபீல்டில் யாரும் எட்ட முடியாத பந்தை ஓடிப் பிடிப்பார். ஒரே மனிதர் அரைமணி நேரத்தில் இரண்டு ஆளாகத் தெரிவார்.

என் கருத்து இதுதான். ஜென்கின்ஸை அழைத்தால் நூறு ஆட்டங்கள் தொடர்ச்சியாகக் கொடுங்கள். இடக்கைப் பந்துவீச்சாளர் வந்தாலும் உட்கார வைக்காதீர்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். அதற்கு மனம் இல்லையென்றால் அழைக்கவே வேண்டாம்.

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

பனிநாட்டான் அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் பக்ஸ்டனுக்கு முன்பு இதே அணியில் நடந்த ஒன்றை மறந்துவிட்டீர்கள்.

2012 முடிவில் டெனார்ட் ஸ்பான், பென் ரெவியர் இருவரையும் ஒரு வார இடைவெளியில் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். சென்டர் ஃபீல்டு காலி. ஏரன் ஹிக்ஸ் டபிள்-ஏயில் ஓர் ஆண்டு நன்றாக ஆடியிருந்தார். டிரிபிள்-ஏயைத் தொடாமலே 2013-இன் முதல் ஆட்டத்தில் இறக்கினார்கள். நீங்கள் கேட்பதைத்தான் செய்தார்கள். இடம் உன்னுடையது, ஆடு என்று விட்டார்கள். பையன் மூழ்கிப்போனார். 81 ஆட்டங்கள், 0.192. அதற்குப் பிறகும் அவர் மினசோட்டாவில் நிலைகொள்ளவில்லை. 2015 முடிவில் யாங்கீஸுக்கு அனுப்பப்பட்டார்.

கீழே அனுப்புவது அவமானம் என்ற எண்ணமே தவறு. நம் பழைய சென்டர் ஃபீல்டர் டோரி ஹன்டரைப் பாருங்கள். 2000-இல் அவரை அப்போதைய டிரிபிள்-ஏ அணியான சால்ட் லேக்குக்கு அனுப்பினார்கள். அங்கே 55 ஆட்டங்களில் 18 ஹோம் ரன் அடித்துவிட்டுத் திரும்பினார். 2001-இல் 27 ஹோம் ரன், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு க்ளவ் விருது முதல் முறையாக. 2009 வரை தொடர்ந்து ஒன்பது கோல்டு க்ளவ். அந்தக் கோடையில் அவரைப் பிடிவாதமாக மேலேயே வைத்திருந்தால் இந்தக் கதை வேறாகப் போயிருக்கலாம்.

பனிநாட்டான் எழுதியது:

ஹன்டரை மறக்கவில்லை. அவர் கதை என் பக்கம்தான் நிற்கிறது. ஒரு முறை போனார், தினமும் ஆடினார், தன்னைச் சரிசெய்துகொண்டார், வந்தார், தங்கினார். அவரை அனுப்பியதில் ஒரு நோக்கம் இருந்தது. நான் எதிர்ப்பது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கும் வேலையை. பக்ஸ்டன் 2016-இல் அப்போதைய டிரிபிள்-ஏ அணியான ராச்செஸ்டரில் 0.300-க்கு மேல் அடித்தார், பந்து பறந்தது. மேலே வந்தால் மூன்று நாள் ஓட்டம் இல்லையென்றதும் வரிசையில் மாற்றம், காலைத் தூக்கி அடிப்பதா வேண்டாமா என்று பேச்சு. செப்டம்பரில் அணி நூறு தோல்வியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, இழக்க எதுவும் இல்லாத நேரத்தில், விட்டார்கள். அந்த ஒரே மாதத்தில் 9 ஹோம் ரன். ஆகஸ்ட் வரை அவர் அந்த ஆண்டு அடித்திருந்தது ஒன்றே ஒன்று.

கேள்வி இதுதான்: செப்டம்பரில் கொடுத்த நிம்மதியை மே மாதத்தில் ஏன் கொடுக்கவில்லை?

கல்மதில் எழுதியது:

கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு 92 ஆட்டங்களில் 118 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்காமலே வெளியேறியது. மூன்று முறை மட்டையோடு போனால் ஒரு முறைக்கு மேல் வெறுங்கையோடு திரும்பினார். அணியில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் மனிதர்கள். ஒன்பதாவது இன்னிங்சில் இரண்டாவது தளத்தில் ஆள் நிற்கும்போது எல்லோருக்கும் தெரியும், ஸ்லைடர் வரும், அவர் மட்டையை வீசித் தவறவிடுவார், ஆட்டம் முடியும். பந்துவீசி ஏழு இன்னிங்ஸ் உழைத்தவனுக்கு என்ன பதில் சொல்வது?

செப்டம்பர் மாதத்தை வைத்து அளக்காதீர்கள். அப்போது அணிகள் நாற்பது பேர் வரை வைத்துக்கொள்ளலாம். எதிரணியில் பந்து வீசியவர்களில் பலர் டிரிபிள்-ஏயிலிருந்து அன்றுதான் வந்தவர்கள்.

பனிநாட்டான் எழுதியது:

செப்டம்பர் குறித்து நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஏற்கிறேன். ஆனால் 2017-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் மறுபடி மோசம். முதல் ஆட்டத்தில் மூன்றாவதாக இறங்கியவரை வரிசையில் கீழே தள்ளினார்கள். அதில் தவறில்லை. ஆனால் ராச்செஸ்டருக்கு அனுப்பவில்லை. மேலாளர் பால் மாலிட்டர் அவரைச் சென்டர் ஃபீல்டிலேயே நிறுத்தினார். முடிவில் 140 ஆட்டங்கள், 0.253, 16 ஹோம் ரன், 30 முறை தளம் திருட (அடி விழாமலே அடுத்த தளத்துக்கு) ஓடி 29 முறை வெற்றி, கோல்டு க்ளவ், அதற்கும் மேலான பிளாட்டினம் க்ளவ். முந்தைய ஆண்டு 103 ஆட்டங்களில் தோற்ற அணி வைல்டு கார்டு என்ற பிளே-ஆஃப் ஆட்டத்துக்குப் போனது. நூறு தோல்விக்கு அடுத்த ஆண்டே பிளே-ஆஃப் போன முதல் அணி அதுதான். பந்துவீசியவனுக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். அந்த ஆண்டு பந்துவீசியவர்களுக்குப் பதில் நடு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது.

மழைக்காலம் எழுதியது:

நான் இந்தக் குழுவில் வழக்கமாக வாசிப்பதோடு சரி. இன்று எழுதத் தோன்றியது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் வலது வெளிக்களம் ஆடுகிறான். லிட்டில் லீகில் ஒரு விதி உண்டு: ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஆறு அவுட் வரை களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும். பிள்ளைகளைக் காக்க வந்த விதி. போன வசந்தத்தில் என் மகனுக்கு அந்தக் குறைந்த அளவே முழு அளவாகிவிட்டது. ஆறு அவுட், ஒரு மட்டை. வாரம் இரண்டு ஆட்டம் என்றால் வாரத்துக்கு இரண்டு முறை மட்டை.

ஏப்ரல் குளிரில் நாலாவது இன்னிங்ஸ் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். கையுறையைக் கழற்றி விரல்களை ஊதிக்கொள்வான், மறுபடி மாட்டிக்கொள்வான். பெயர் கூப்பிட்டதும் ஓடுவான். முதல் பந்தே வந்தால் மட்டையை வீசிவிடுவான், எப்படிப்பட்ட பந்தாக இருந்தாலும். ஏன் கண்ணா பொறுத்திருக்கக் கூடாதா என்று காரில் கேட்டேன். "அம்மா, எனக்கு ஒன்றுதானே இருக்கிறது. அதை வீசாமல் விட்டால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்" என்றான்.

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் எல்லோரும் எண்களை வைத்துப் பேசுகிறீர்கள். பெரிய லீகில் ஆடுபவனும் இருபது வயதுப் பிள்ளைதான். வாரத்துக்கு ஆறு முறை மட்டை கிடைக்கும் என்று தெரிந்தால், ஒவ்வொன்றையும் கடைசி வாய்ப்பு என்றுதானே நினைப்பான்? பந்தை விட்டுப் பார்க்கும் பொறுமை எங்கிருந்து வரும்?

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பந்தைப் பொறுத்து விடுவது நிறைய வாய்ப்பு இருப்பவனுக்கே கைவரும், மறுக்கவில்லை.

ஆனால் அதே காரணத்தால்தான் டிரிபிள்-ஏ நல்லது என்கிறேன். இப்போது அங்கே செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. நாளுக்கு நான்கு என்றாலும் வாரத்துக்கு இருபத்துநான்கு மட்டை. புதன்கிழமை ஏமாற்றிய, இடையில் இறங்கும் நிவாரணப் பந்துவீச்சாளனே சனிக்கிழமை மறுபடி வருவான். அன்று கற்றதை அதே வாரத்தில் திருப்பிக் கொடுக்கலாம். மேலே பெஞ்சில் நான்காவது வெளிக்கள வீரராக உட்கார வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். இதில் பனிநாட்டான் அண்ணாவும் நானும் ஒரே கட்சி.

கல்மதில் எழுதியது:

அதில் நானும் சேருகிறேன். பெஞ்சு கிழவர்களுக்கு உரியது. ஒரு கை பார்த்து முடித்த முப்பத்துநான்கு வயதுக்காரருக்கு வாரம் ஆறு மட்டை போதும்.

கணக்கன் எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. யாரை எப்போது மேலே அழைப்பது என்பதை மேலாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை, நாட்காட்டியும் தீர்மானிக்கிறது.

ஒரு பருவத்தில் 172 நாட்கள் பெரிய அணியின் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டுச் சேவை. அப்படி ஆறு ஆண்டுகள் சேர்ந்தால் வீரர் சுதந்திரமானவர், விரும்பிய அணிக்குப் போகலாம். சில நாட்கள் குறைந்தால் அணி இன்னொரு முழு ஆண்டு அவரை வைத்துக்கொள்ளும். 2018 பக்ஸ்டனுக்குக் கறுப்பு ஆண்டு. ஒற்றைத் தலைவலி, கால்விரல் முறிவு, மணிக்கட்டு வலி, மொத்தம் 28 ஆட்டங்கள், 0.156. செப்டம்பரில் எல்லா அணிகளும் கீழிருந்து ஆட்களை அழைத்தபோது அவரை அழைக்கவில்லை. அதனால் சேவைக் கணக்கில் சில நாட்கள் குறைந்து, அவருடைய சுதந்திரம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. முந்தைய ஆண்டு பிளாட்டினம் க்ளவ் வாங்கிய ஆள்! அவர் மனத்தில் அது எவ்வளவு காலம் தங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2022 ஒப்பந்தத்தில் கொஞ்சம் சரிசெய்தார்கள். சிறந்த புதுமுகம் விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், எத்தனை நாள் குறைந்தாலும் முழு ஆண்டுச் சேவை. முன்னணிப் பட்டியல்களில் இருந்த இளைஞரை முதல் நாளிலிருந்தே வைத்திருந்து அவர் அந்த விருதை வென்றால், அணிக்குக் கூடுதலாக ஒரு தேர்வு வாய்ப்பு. ஒரே ஆண்டில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்பவும் முடியாது. அந்த ஐந்தே எனக்கு அதிகமாகத் தெரிகிறது. ஐந்து முறை வீடு மாற்றுவது என்றால் எந்த வேலைக்காரனும் தளர்ந்துபோவான்.

நெடுவழி எழுதியது:

சியாட்டிலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இரண்டு சோதனையும் நடந்தன.

ஜாரெட் கெலெனிக் 2021 மே மாதம் எங்கள் மரைனர்ஸ் அணிக்கு வந்தார். அவரைச் சீக்கிரம் அழைக்காததே சேவைக் கணக்குக்காகத்தான் என்று அணி நிர்வாகத்தின் தலைவரே ஒரு ரோட்டரி கூட்டத்தில் உளறி, பதவி விலகியிருந்தார். அப்படிப்பட்ட பரபரப்புக்கு நடுவில் வந்த பையனுக்கு 39 முறை தொடர்ந்து அடி கிடைக்கவில்லை. 0.096-இல் கீழே அனுப்பினார்கள். ஜூலையில் திரும்பினார், தினமும் ஆடவிட்டார்கள். ஆண்டு முடிவில் 0.181. அடுத்த ஆண்டு 0.141. 2023-இல் கொஞ்சம் தலைதூக்கினார். ஜூலையில் ஒரு ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பிறகு தண்ணீர்க் குடுவையை உதைத்துக் காலை முறித்துக்கொண்டார். அந்த ஆண்டு முடிவில் அட்லான்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஹூலியோ ரொட்ரிகஸ் 2022-இல் முதல் ஆட்டத்திலிருந்தே சென்டர் ஃபீல்டு. ஏப்ரல் முழுவதும் ஒரு ஹோம் ரன் இல்லை. சராசரி 0.206. எங்கள் வீட்டிலேயே சண்டை. என் மாமனார் ஒவ்வொரு மாலையும் "இவனையும் கெடுத்துவிட்டார்கள்" என்பார். மே முதல் தேதி மயாமியில் சாண்டி அல்கான்டாராவின் பந்தில் முதல் ஹோம் ரன். ஆண்டு முடிவில் 28 ஹோம் ரன், 25 திருட்டு, சிறந்த புதுமுகம் விருது, மேலே கணக்கன் சொன்ன அந்தக் கூடுதல் தேர்வும் கிடைத்தது.

ஒரே அணி, அடுத்தடுத்த ஆண்டு, ஏறக்குறைய ஒரே பொறுமை. எனவே "தினமும் ஆடவிட்டால் மலர்ந்துவிடுவார்" என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை, பனிநாட்டான்.

பனிநாட்டான் எழுதியது:

உறுதி நானும் சொல்லவில்லை, நெடுவழி. தினமும் ஆடவிட்டால் உண்மை தெரியும் என்கிறேன். கெலெனிக் யார் என்பது சியாட்டிலுக்குத் தெரிந்தது, அதை வைத்து முடிவெடுத்தார்கள். பக்ஸ்டன் யார் என்பது 2015 ஜூனிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை எங்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டாவது நிலைதான் கொடுமை. அவர் நல்லவராக இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

தென்பக்க இருக்கை எழுதியது:

எல்லோரும் மேலே கீழே என்று பேசுகிறீர்கள். ஜென்கின்ஸ் விஷயத்தில் உண்மையான ஆபத்து அது இல்லை. அவர் இடக்கை ஆட்டக்காரர்.

இந்த அணியின் இடக்கை வெளிக்கள வீரர்களை எண்ணுங்கள். லார்னாக், வால்னர், ரோடன். கீழே காத்திருக்கும் எம்மானுவேல் ரொட்ரிகஸும் இடக்கை. முந்தைய மேலாளர் ராக்கோ பால்டெல்லி காலத்தில் என்ன செய்தார்கள்? எதிரணியில் இடக்கைப் பந்துவீச்சாளர் தொடங்கினால் லார்னாக் உட்கார்ந்துவிடுவார். வலக்கையர் தொடங்கினாலும், ஆறாவது இன்னிங்சில் எதிரணி இடக்கை நிவாரணக்காரரை எடுத்ததும் பெஞ்சிலிருந்து மாற்று ஆட்டக்காரர் எழுவார். கணக்குப்படி அந்த ஒரு மட்டைக்கு அது சரி. ஒவ்வொரு நாளும் சரி. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இடக்கைப் பந்தை எதிர்கொள்ளவே தெரியாத ஒரு வரிசை நம் கையில் இருக்கிறது.

இடக்கையனுக்கு இடக்கையனின் ஸ்லைடர் முதுகுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு வருவது போல இருக்கும். தோளைத் தாக்குமோ என்று உடல் பின்வாங்கும், அதற்குள் பந்து வெளிமூலையைத் தாண்டிப் போயிருக்கும். அந்தப் பின்வாங்கலை அடக்க ஒரே வழி அதே பந்தை இருநூறு முறை பார்ப்பதுதான். பார்க்கவே விடாமல் "இவனுக்கு இடக்கையரை அடிக்கத் தெரியாது" என்று எழுதிவைத்தால் அது யார் குற்றம்? இருபத்தொரு வயதில் ஒட்டும் அந்தச் சீட்டு முப்பது வயது வரை போகாது. சம்பளப் பேச்சில்கூட அது எதிரே வந்து உட்காரும்.

டெரிக் ஷெல்டன் புது மேலாளர். முன்பு இங்கேயே பெஞ்சுப் பயிற்சியாளராக இருந்தவர், வீட்டு நிலைமை தெரியும். அவரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: இந்தப் பையனுக்கு மட்டும் அந்தப் பழைய இடக்கை-வலக்கைக் கணக்குத் தாளை எடுக்காதீர்கள்.

கல்மதில் எழுதியது:

தென்பக்க இருக்கை எழுதியதுதான் இந்த இழையில் என்னை அசைத்தது. ஆனால் எங்கே நிற்க வைப்பது? சென்டர் ஃபீல்டில் பக்ஸ்டன் இருக்கிறார். 2028 வரை ஒப்பந்தம், அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. 2025-இல் 35 ஹோம் ரன், 24 முறை ஓடி 24 முறையும் திருட்டு. அவரை யாரும் நகர்த்தப் போவதில்லை, நகர்த்தவும் கூடாது. அப்படியென்றால் ஜென்கின்ஸ் இடது அல்லது வலது மூலைக்குப் போக வேண்டும். மூலையில் நிற்பவன் அடித்தால்தான் மதிப்பு. சென்டர் ஃபீல்டில் 0.225 அடித்த பக்ஸ்டனைப் பொறுத்துக்கொண்டது அவர் கால்களுக்காக. மூலையில் 0.225 அடிப்பவனை ஜூன் மாதம் யார் பொறுப்பார்கள்?

மழைக்காலம் எழுதியது:

பக்ஸ்டன் முழுதாக 120 ஆட்டம் தாண்டியது 2017-லும் 2025-லும் மட்டும்தானே? அவர் உடம்பைப் பாதுகாக்க வாரம் ஒரு நாள் அவரை மட்டை மட்டும் பிடிக்க வைத்து, அந்த நாள் ஜென்கின்ஸைச் சென்டருக்கு நகர்த்தலாமே. இருவருக்கும் நல்லது. பெரியவருக்கு மூட்டு பிழைக்கும், சின்னவருக்கு நடு மைதானம் பழகும்.

கல்மதில் எழுதியது:

சரியான யோசனை, அக்கா. இதை யாராவது ஷெல்டனிடம் சொல்லட்டும்.

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

இந்த வாதம் புதிதில்லை என்பதற்கு ஓர் ஆண்டு போதும்: 1951, நியூயார்க்.

ஒரே நகரத்தில், பின்னாளில் பெரும் பெயர் பெற்ற இரண்டு பையன்கள். ஜயன்ட்ஸில் வில்லி மேஸ், இருபது வயது. யாங்கீஸில் மிக்கி மேன்டில், பத்தொன்பது. மேஸ் மே மாதம் வந்தார். முதல் 12 முறை அடி இல்லை. பதின்மூன்றாவது முறை வாரன் ஸ்பானின் பந்தை ஹோம் ரன் அடித்தார். பிறகு மறுபடி வறட்சி. லாக்கர் அறையில் அழுதார், என்னைக் கீழே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லியோ டுரோச்சர் மறுத்தார். நான் மேலாளராக இருக்கும் வரை நீதான் சென்டர் ஃபீல்டர் என்றார். முடிவில் 0.274, 20 ஹோம் ரன், சிறந்த புதுமுகம்.

மேன்டில் ஜூலையில் கீழ் அணியான கான்சஸ் சிட்டிக்கு அனுப்பப்பட்டார். அங்கேயும் அடி விழவில்லை. ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று அப்பாவுக்குத் தொலைபேசி செய்தார். சுரங்கத் தொழிலாளியான அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, மகனின் துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்: வா, என்னோடு சுரங்க வேலைக்கு. மேன்டில் தங்கினார், அடித்தார், ஆகஸ்டில் நியூயார்க் திரும்பினார். போகும்போது முதுகில் எண் 6, திரும்பியதும் 7.

அக்டோபரில் உலகத் தொடரில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவரைத் தங்க வைத்தார்கள், ஒருவரை அனுப்பினார்கள். இரண்டுமே சரியாகப் போயிற்று. எனக்கு இதில் தெரிவது, இரண்டு பையன்களுக்கும் பக்கத்தில் ஒருவர் தெளிவாகப் பேசினார் என்பதுதான்.

பனிநாட்டான் எழுதியது:

அருமை தம்பி. இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். பக்ஸ்டனிடம் அப்படி யாராவது தெளிவாகப் பேசினார்களா என்று இன்றும் எனக்கு ஏக்கம்.

ட்வின்ஸின் பழைய நாயகன் கிர்பி பக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1984 மே மாதம் முதல் ஆட்டத்திலேயே நான்கு அடி. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் ஹோம் ரன் பூஜ்யம். அடுத்த ஆண்டு 161 ஆட்டங்களில் வெறும் நான்கு. அந்த இரண்டு ஆண்டும் பந்தை வேலிக்கு மேலே அனுப்பச் சொல்லி யாராவது நெருக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கார வைத்திருந்தால்? 1986-இல் 31 அடித்தார். தினமும் களத்தில் நின்ற ஆளுக்கு அந்த வளர்ச்சி வந்தது.

கணக்கன் எழுதியது:

பக்கெட் அந்த இரண்டு ஆண்டும் 0.290 அளவில் அடித்தவர் ஐயா. அவரை உட்கார வைக்க யாருக்கும் காரணமே இல்லை. அவரை இந்த வாதத்துக்குள் இழுக்காதீர்கள். வால்னரை எடுங்கள், பொருந்தும். 2024 ஏப்ரலில் 25 முறை மட்டை பிடித்து 2 அடி. செயின்ட் பாலுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் வந்தார், 0.259-இல் முடித்தார். கீழே அனுப்பியது வேலை செய்தது.

உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நூறு ஆட்டம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அறுபதாவது ஆட்டம் என்று வையுங்கள். ஜென்கின்ஸ் 0.170. அணி எதிர்பாராமல் நன்றாக ஆடுகிறது, முதல் இடத்துக்கு இரண்டு ஆட்டம் பின்னால். கல்மதில் சொன்னது போல அவர் நிற்பது மூலையில். அப்போது என்ன செய்வீர்கள்?

பனிநாட்டான் எழுதியது:

பக்கெட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது சரி.

கேள்விக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். இன்று மாலை வேலை முடிந்து கிரீன் லைன் ரயிலில் டார்கெட் ஃபீல்டு நிலையத்தில் ஏறி, செயின்ட் பால் யூனியன் டிப்போ வரை போய் இறங்கினேன். செயின்ட்ஸ் அணி ஆடும் சிஎச்எஸ் ஃபீல்டு அங்கிருந்து நடக்கிற தூரம். பூட்டியிருந்தது. வாசல் கம்பி வழியே பார்த்தால் வெளிக்களம் முழுக்க வெள்ளை. பெரிய லீகையும் அதற்கு அடுத்த படியையும் இணைக்க ஒரே ஒரு டிக்கெட் போதும். முன்பு ராச்செஸ்டர் என்றால் நியூயார்க் மாநிலத்துக்கு விமானம் ஏற வேண்டும். பக்ஸ்டன் 2016-இல் அத்தனை முறை அந்தப் பயணம் போனார். இப்போது வீடு மாற்றக்கூட வேண்டாம். திரும்பி வரும் வழியெல்லாம் உங்கள் அறுபதாவது ஆட்டத்தையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நூறு என்பது நான் மனம்போன போக்கில் போட்ட எண். அதை விட்டுவிடுகிறேன். சராசரியைப் பார்க்காதீர்கள் என்றதை விடமாட்டேன். அறுபதாவது ஆட்டத்தில் நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: வெளிப்பக்கம் விழும் ஸ்லைடருக்கு ஏப்ரலில் மட்டை வீசியது போலவே இன்னும் வீசுகிறாரா, விடக் கற்றிருக்கிறாரா? விடுகிறார் என்றால், 0.170 ஆனாலும், இரண்டு ஆட்டம் பின்னால் ஆனாலும், நாளையும் அவர்தான். ஒன்பதாவது இடத்தில் இறக்குவேன், இடக்கையர் வந்தாலும் எடுக்க மாட்டேன். இன்னும் வீசிக்கொண்டிருந்தால் அன்றிரவே அறைக்குள் கூப்பிட்டு, எதற்காகப் போகிறாய், எதைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும், வந்ததும் எந்த இடம் உனக்காகக் காத்திருக்கும் என்று மூன்றையும் சொல்லி அந்த ரயிலில் ஏற்றிவிடுவேன். ஒரே முறைதான்.

கணக்கன் எழுதியது:

இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

மழைக்காலம் எழுதியது:

என் மகனிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். மேன்டிலின் அப்பா பெட்டியை அடுக்கிய இடத்தில் சிரித்தான். பிறகு ஜென்கின்ஸ் எந்தப் பக்கம் மட்டை பிடிப்பார் என்று கேட்டான். இடது என்றேன். "நானும்தான்" என்று சொல்லிவிட்டு, பந்து எறிய வா என்று கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். நான் எறிந்ததில் வெளியே போன மூன்றை விட்டுவிட்டான்.

பனிநாட்டான் எழுதியது:

மூன்றையும் விட்டானா! அக்கா, ஏப்ரலில் அவன் முதல் ஆட்டம் என்றைக்கு, எந்த மைதானம் என்று சொல்லுங்கள். கம்பி வலைக்குப் பின்னால் இன்னொருவர் நிற்க இடம் இருக்கும்தானே?